ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்குப் பயிற்சி, பிள்ளைகளுக்குச் செயற்பாடு: கொழும்பில் எங்கிருந்து தொடங்குவது?

கொழும்பில் தமிழ்மொழி மூலம் தரம் 3க்குக் கற்பிக்கும் ஒருவர், சேவைக்காலப் பயிற்சியை எங்கே பெறலாம், அதைப் பிள்ளைகளுக்கான செயற்பாடாக எவ்வாறு மாற்றலாம் என்று கேட்டிருக்கிறார்.

முதற்கேள்விக்கு விடை சுருக்கமானது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மகரகம தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளை ஆக்குகிறது. செயலமர்வுகளைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்தின் ஆசிரிய ஆலோசகரிடம் விசாரிப்பதே நேர்வழி.

இரண்டாவதே கடினமானது. செயலமர்வில் குறிப்பெடுப்பதைக் காட்டிலும், பிள்ளைகள் செய்யவேண்டியதை ஆசிரியர் தாமே செய்து பார்ப்பதுதான் வகுப்பறைக்கு உதவும் என்பது என் கருத்து. உதாரணமாக, மைதானத்தில் ஒரு மீற்றர் கம்பை நட்டு, காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும் அதன் நிழலைச் சோக்கால் குறித்து, நூலால் அளக்கச் செய்யலாம். கொழும்பில் ஏப்ரல், செப்டெம்பர் மாதங்களின் தொடக்கத்தில் சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்பதால், நண்பகல் நிழல் கம்பின் அடியிலேயே ஒடுங்கிவிடும், "நிழல் எங்கே போனது?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். அப்போது உடனே விடை சொல்லிவிடாமல், மறுவாரமும் அளக்கச் சொல்லுங்கள். அளவீடு, சுற்றாடல், மொழி மூன்றும் இதில் அடங்கிவிடும் (செலவு ஒரு சோக்கட்டி மட்டுமே). புலமைப்பரிசில் பரீட்சைக்கான அவசரம் தரம் 5இல் எப்படியும் வந்துவிடும் என்பதால், இவற்றைத் தரம் 3இலேயே தொடங்குவது நல்லது.