கேளுங்கள், சொல்கிறோம்: அழகான கித்தார், வலிக்கும் கை

கேள்வி: நான் ஐந்தடி உயரமே உள்ளவள். அப்பா விட்டுச்சென்ற டிரெட்நாட் என்னும் பெரிய பெட்டிக் கித்தாரைத்தான் சனிக்கிழமை பஜனையில் வாசிக்கிறேன். அரை மணி நேரம் ஆவதற்குள் பெட்டியின் விளிம்பு அழுந்தி வலது முன்கையில் சிவந்த கோடு விழுகிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது, தோளும் வலிக்கிறது. கை படியும் மூலையைச் சரிவாக இழைத்த கித்தார் ஒன்றைக் கடையில் பார்த்தேன். இதமாக இருந்தது, ஆனால் விலை அதிகம். அண்ணனோ, "கீழே விழுந்து மூலை உடைந்ததுபோல் இருக்கிறது, கித்தார் என்றால் கித்தார்போல் இருக்க வேண்டாமா?" என்கிறார். சரிவாக இழைத்தால் ஓசை குறையுமா? வாங்கலாமா?
– வாசகி ஒருவர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஓசையைப் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். கித்தாரின் மேல்பலகை, தந்திகள் கட்டப்படும் பிரிட்ஜைச் சுற்றியுள்ள பகுதியில்தான் நன்றாக அதிர்கிறது. பக்கப் பலகையோடு பசையிட்டு இறுக்கப்பட்ட விளிம்பில் அது அசைவதற்கு வழியில்லை. எனவே முன்கை படியும் மூலையை இழைத்துவிடுவதால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. விலை கூடுவதற்கும் நியாயம் உண்டு. மெல்லிய பலகைகள் செங்கோணத்தில் சேரும் இடத்தை அப்படியே இழைத்தால் ஓட்டைதான் விழும் என்பதால், உட்புறம் கட்டை ஒட்டி, அதன் பிறகு வெளியே சரிவாக இழைத்து, மெல்லிய மரத்தகட்டை வளைத்து மூடி, ஓரப்பட்டையையும் புது வளைவுக்கு ஏற்பப் பதிக்க வேண்டியிருக்கிறது. கனடாவின் கிரிட் லாஸ்கின் போன்ற கைவினைஞர்களால் புகழ்பெற்ற இவ்வேலையை இன்று டெய்லர் முதலிய நிறுவனங்களும் தம் விலையுயர்ந்த கித்தார்களில் செய்கின்றன.

இருந்தாலும் உடனே அந்தக் கடைக்கு ஓட வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு வலிகள் இருக்கின்றன. முன்கையில் விழும் கோட்டுக்குச் சரிவு மருந்தாகும். தோள்வலிக்கு ஆகாது, ஏனென்றால் உங்கள் தோளைத் தூக்கவைப்பது விளிம்பன்று, பெட்டியின் பருமன். டிரெட்நாட்டின் கீழ்ப்பகுதி 15⅝ அங்குல அகலமும், அடிப்பக்கத்தில் 4⅞ அங்குல ஆழமும் கொண்டது. டிரெட்நாட்டைப் படைத்த அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனத்துடைய ஓ.எம். (ஆர்க்கெஸ்ட்ரா மாடல்) வடிவத்துக்கு அகலம் 15 அங்குலம், ஆழம் 4⅛ அங்குலம்தான். ஆழத்தில் குறையும் அந்த முக்கால் அங்குலத்தால், பெட்டியைச் சுற்றி வந்து தந்திக்கு இறங்கும் கை அவ்வளவு விரிய வேண்டியதில்லை. பெட்டியின் இடுப்புப் பகுதி ஒடுங்கியிருப்பதால் கித்தார் தொடையில் தாழ்வாகவும் அமரும். கடையில் எல்லாரும் முகப்பையே பார்த்து நிற்கிறார்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று ஆழத்தைப் பாருங்கள். கழுத்து பன்னிரண்டாம் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பெட்டியோடு சேரும் சிறிய கித்தார் கிடைத்தால் அதையும் மடியில் வைத்துப் பாருங்கள். தலைப்பகுதி உடலுக்கு நெருங்கி வருவதால் குட்டைக் கைக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி.

உங்கள் அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் மரபு என்று நினைக்கும் டிரெட்நாட் 1916இல் டிட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு, 1931இல்தான் மார்ட்டின் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது. நாம் இன்று எங்கும் காணும், கழுத்து பதினான்காம் பிரெட்டில் பெட்டியோடு சேரும் வடிவம் 1934இல் வந்தது. ஓ.எம். வடிவமோ 1929இலேயே வந்துவிட்டது. பழமைதான் அளவுகோல் என்றால் ஓ.எம். எந்த வகையிலும் இளைத்ததன்று, அதன் விளிம்பிலும் யாரும் கை வைக்கவில்லை. பெரிய பெட்டி பிறந்தது அழகுக்காகவும் அன்று. பாட்டுக்குத் துணையாக உரத்து ஒலிக்க வேண்டும் என்ற தேவையால்தான். அந்தத் தேவை உங்களுக்கு இன்னும் இருக்கிறதா என்பதை மட்டும் யோசியுங்கள். டோலக்கும் ஹார்மோனியமும் முழங்கும் பஜனையில் மைக் இல்லாமல் வாசிப்பவரானால், சிறிய பெட்டியில் கீழ்ச்சுரங்களின் கனம் குறைவதை நிச்சயம் உணர்வீர்கள். மைக் இருந்தால் அது கவலையில்லை.

பருமனைக் குறைக்காமலேயே வசதி தேடியவர்களும் உண்டு. கனடாவின் கித்தார் கைவினைஞர் லிண்டா மான்சர் 1984இல் அமெரிக்க ஜாஸ் கித்தார் கலைஞர் பாட் மெத்தேனிக்காக 42 தந்திகள் கொண்ட கித்தாரைச் செய்தபோது, கை படியும் மேல்பக்கத்தை ஒல்லியாக்கித் தொடைப்பக்கத்தைத் தடிமனாக்கினார். முன்னாலிருந்து பார்த்தால் இந்தத் தடிமன் வித்தியாசம் தெரியாது என்பதால் உங்கள் அண்ணனுக்கும் பிடிக்கும், விலைதான் பிடிக்காது.

பணத்தைச் செலவழிக்குமுன் அப்பாவின் கித்தாரிலேயே சிலவற்றைச் செய்து பாருங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்ட்ராப் மாட்டிக்கொண்டு, கித்தாரை வலது தொடையிலிருந்து எடுத்து இரு தொடைகளுக்கு நடுவே கழுத்து சற்று உயரும்படி வையுங்கள். தோள் தானாக இறங்கும். முன்கைக்குப் பழைய காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு மாட்டிக்கொண்டால் போதும், வியர்வையும் மேல்பூச்சில் படாது. விளிம்பில் ஒட்டும் மரத்தாங்கியும் விற்கிறார்கள், ஆனால் பழைய கித்தாரில் நைட்ரோ லாக்கர் பூச்சு இருந்தால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதைக் கரைத்துக் கறையாக்கிவிடும் என்பதால் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். எக்காரணம் கொண்டும் அந்தக் கித்தாரின் மூலையை இழைக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சுண்டுவிரல் மரத்துப்போவது நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறி. கித்தாரைக் கீழே வைத்த பிறகும் அது நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மேல் பிரெட்டுகளை எட்டுவதற்காகத் தோள்பகுதியை வெட்டிய கட்அவே கித்தார் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. வசதிக்காக வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர் ஒருவர், புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பதில்: பதினான்காம் பிரெட்டுக்கு மேல் நீங்கள் போவதே இல்லையென்றால் வேண்டாம். பாடகரின் சுருதிக்காக ஐந்தாம், ஏழாம் பிரெட்டில் கேபோ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு இடையிசையும் வாசிப்பவரானால், அது இல்லாமல் திண்டாடுவீர்கள். வெட்டியதால் ஓசை குறைந்தது என்று காதால் மட்டும் கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. கூர்முனையுள்ள புளோரன்டைன் வகை கண்ணை உறுத்தினால், உருண்டு இறங்கும் வெனிசியன் வகையைப் பாருங்கள். கூர்முனையில் பக்கப் பலகைகளைத் தனித்தனியாகச் சேர்க்கும் வேலை இருப்பதால், கையால் செய்யும் கித்தார்களில் உருண்டது பெரும்பாலும் மலிவாகவும் இருக்கும்.