பக்கத்து வீட்டுச் சூத்திரம் போலியா?

கேள்வி: தோட்டத்தை விட்டு தாமான் வீட்டுக்கு வந்ததிலிருந்து பக்கத்து வீட்டுச் சீன அம்மாவோடு நல்ல பழக்கம். காலையில் குவான் யின் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி இதய சூத்திரம் ஓதுவார். தியான வகுப்புக்குப் போய் வந்த என் மகன், "பாலி நூல்கள்தான் புத்தர் சொன்னவை, இதெல்லாம் பின்னால் கட்டிய போலி" என்கிறான். உண்மையா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பாதி உண்மை. இதய சூத்திரம் போன்ற மகாயான (பௌத்தத்தின் பிற்காலப் பிரிவு) சூத்திரங்கள் புத்தர் மறைந்து சில நூற்றாண்டுகள் கழித்து எழுந்தவை. சரி, தேரவாதம் என்ற பழைய மரபு போற்றும் பாலி மொழி நூல்கள்? அவையும் பல தலைமுறை வாய்வழியாக வந்து, கி.மு. முதல் நூற்றாண்டில்தான் இலங்கையில் ஏட்டில் ஏறின. அவற்றின் பழமையை மதிக்கத்தான் வேண்டும். அதற்காகப் பிந்தியதெல்லாம் போலி ஆகிவிடாது.

அந்த அம்மா ஓதும் சூத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனத்தில் 260 எழுத்துதான். அவர் குவான் யின் என்று கும்பிடும் அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவர் அதில் சாரிபுத்தரை அழைத்துப் பேசுவதாக வருகிறது. சாரிபுத்தர் யார்? மெய்யறிவில் முதல்வர் என்று பாலி நூல்கள் போற்றும் சீடர். பேச்சும் பழைய போதனையைப் பற்றியதுதான்: ஐந்து கந்தங்கள் (உடலும் மனமுமாய் ஆளை ஆக்கும் கூறுகள்), மனமும் சேர்த்து ஆறு புலன்கள், பன்னிரு சார்புகள் (துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாக எழும் சங்கிலி), நான்கு வாய்மைகள் (துன்பம், அதன் காரணம், நீக்கம், நெறி). வரிசையாகத் தொட்டு 'இல்லை, இல்லை' என்று போகிறது. அதாவது தனித்து நிற்கும் இயல்பு எதற்கும் இல்லை; இதைத்தான் சூனியம் என்பார்கள். பழைய பட்டியல் தெரியாதவருக்கு இதில் ஒரு வரிகூடப் பிடிபடாது. அந்தப் பன்னிரண்டு நமக்கும் சொந்தம்: பேதைமை, செய்கை, உணர்வு என்று மணிமேகலையின் 30ஆம் காதை தமிழிலேயே அடுக்குகிறது.

இந்தச் சூனியத்தை வாதமாக வளர்த்த இந்திய பௌத்த அறிஞர் நாகார்ஜுனர் தம் நடுவழிக் காரிகை என்ற நூலின் 15ஆம் பகுதியில் சாட்சிக்கு அழைப்பது எதை? 'உண்டு', 'இல்லை' என்ற இரு கோடியும் வேண்டாம் என்று புத்தர் தம் சீடர் கச்சானருக்குச் சொன்ன உரையை. அதன் பாலி வடிவம் சம்யுத்த நிகாயம் என்ற பாலி உரைத் தொகுப்பில் இருக்கிறது.

எல்லாம் ஒன்றே என்று பூசி மெழுகவும் மாட்டேன். அரகந்தர் (ஆசையறுத்து விடுதலை பெற்றவர்) அடைந்தது கடைசி நிலை இல்லை என்கிறது தாமரைச் சூத்திரம் என்ற மகாயான நூல். புத்தர் அதை விளக்கப் போகும்போதே 5000 பேர் எழுந்து போனதாகவும் அதுவே சொல்கிறது. இது தேரவாதத்தோடு நேரடி மோதல். அங்கே உங்கள் மகன் கேள்வி கேட்டால் நியாயம்.

ஆனால் 'போலி' என்ற சொல்லை அந்த அம்மாவின் காதில் விழும்படி சொல்ல வேண்டாம் என்று கண்டித்துச் சொல்லுங்கள். ஒரு நாள் காலையில் அவர் ஓதும்போது உட்கார்ந்து கேட்கட்டும். மாண்டரினில் ஓதினால் 'ஷெலிட்சு' என்று இரண்டு இடத்தில் வரும். சாரிபுத்தரின் பெயர் அதுதான்.