மீன்தூளை நிறுத்தியதும் திலேப்பியா ஏன் வளரவில்லை?

கேள்வி: திலேப்பியாவுக்குச் சொந்தமாகத் தீவனம் அரைக்கிறேன். 100 கிலோவுக்கு 20 கிலோ மீன்தூள் போட்டுவந்தேன். அதை நிறுத்தி, அதே எடைக்குச் சோயாப் புண்ணாக்கு சேர்த்தேன். மீன் அரைகுறையாகத்தான் தின்கிறது, எடையும் ஏறவில்லை. ஈப்புழுவோ அசோலாவோ சேர்த்தால் சரியாகுமா?

பதில்: எடைக்கு எடை மாற்றியதில்தான் கோளாறு. 60 சதவீதப் புரதமுள்ள மீன்தூள் 20 கிலோவில் 12 கிலோ புரதம் இருந்தது. 45 சதவீதச் சோயாப் புண்ணாக்கில் 9 கிலோதான். அதைவிடப் பெரிய இழப்பு மெத்தியோனின்; புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. மீன்தூளில் உள்ளதில் பாதிகூடச் சோயாவில் கிடையாது. அது ஒன்று குறைந்தாலே மற்ற அமினோ அமிலங்கள் சதையாக மாறாமல் அம்மோனியாவாகத் தண்ணீரில் கலந்துவிடும். சோயாவின் பாஸ்பரசிலும் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டிக் கிடக்கிறது; மீனால் அதைச் செரிக்க முடியாது.

கருப்பு சிப்பாய் ஈயின் புழு நல்ல மாற்றுதான், ஆனால் எண்ணெய் பிழிந்த தூளாக இருக்கட்டும். பிழியாத புழுவில் கொழுப்பு அதிகம். பிழிந்தெடுக்கும் தீவனக் குருணை உதிரும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆய்வக அறிக்கையில் வரும் புரத அளவையும் அப்படியே நம்பாதீர்கள். நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள்; புழுத்தோலில் உள்ள கைட்டின் என்ற, புரதமல்லாத பொருளின் நைட்ரஜனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அசோலாவைப் புரதத்துக்காக நம்ப வேண்டாம். 10 கிலோ பச்சை அசோலா காய்ந்தால் சுமார் 600 கிராம். அதில் புரதம் 150 கிராமைத் தாண்டாது. மேலுக்குப் பசுந்தீவனமாகப் போடலாம், அவ்வளவுதான்.

வளரும் திலேப்பியாவுக்கு 100 கிலோ கலவை இப்படி: சோயாப் புண்ணாக்கு 36 கிலோ, அரிசித் தவிடு 24, கோதுமை மாவு 17, ஈப்புழுத் தூள் 12, மீன்தூள் 6, எண்ணெய் 2, டைகால்சியம் பாஸ்பேட் (பாஸ்பரசுக்கு) 1.5, வைட்டமின்-தாதுக் கலவை 1.3 கிலோ, டிஎல்-மெத்தியோனின் (செயற்கை மெத்தியோனின்) 200 கிராம். புரதம் ஏறத்தாழ 30 சதவீதம் வரும். அந்த 6 கிலோ மீன்தூள் பெரும்பாலும் ருசிக்குத்தான். அதை விட்டதால்தான் இப்போது மீன் முகம் திருப்புகிறது.

200 கிராம் மெத்தியோனினை நேரே கொட்டினால் ஓரிடத்திலேயே தங்கிவிடும். முதலில் இரண்டு கிலோ தவிட்டில் பிசிறி, பிறகு மொத்தத்தில் கலக்குங்கள். புண்ணாக்கையும் மாவையும் ஆவியில் வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் வைட்டமின் சேருங்கள். சூட்டில் போட்டால் வைட்டமின் சி அழிந்துவிடும். பிழிந்த குருணையை நிழலில் உலர்த்தி, ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் கரையாமல் நின்றால் தேறியது. கரைந்தால் மாவு சரியாக வேகவில்லை.

முதல் மூன்று நாள் பழைய தீவனத்தில் கால் பங்குக்குப் பதில் புதியது, அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பதில், பிறகு முழுதாக மாற்றுங்கள். தட்டில் வைத்ததில் அரை மணி கழித்தும் மிச்சம் கிடந்தால் அடுத்த வேளை அளவைக் குறையுங்கள். பொடிக் குஞ்சுகளுக்கும், விரால், கொடுவா போன்ற ஊனுண்ணிகளுக்கும் இந்தப் புரதம் போதாது.