சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த புரோகிராமை எங்கே வைப்பது?

கேள்வி: என் லினக்ஸ் கணினியில் பேக்கேஜ் மேனேஜர் (மென்பொருளை இறக்கி நிறுவித் தரும் கருவி) தரும் பதிப்பு ரொம்பப் பழையது. அதனால் ஒரு வீடியோ கருவியை சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, நானே கம்பைல் செய்யப் போகிறேன். அதன் கையேடு /யூஎஸ்ஆர்/லோக்கல் என்கிறது. /ஆப்ட்தான் சரி என்கிறார் ஒரு நண்பர். ஹோம் டைரக்டரியே போதும் என்கிறார் இன்னொருவர். போன வருடம் வேறொரு புரோகிராமை யோசிக்காமல் இன்ஸ்டால் செய்தேன். லைப்ரரி (புரோகிராம் ஓடத் தேவையான துணை நிரல் கோப்பு) கிடைக்கவில்லை என்று பிழை வந்தது. கடைசியில் அதை நீக்கவும் வழி தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். இந்த முறை எங்கே வைப்பது?

பதில்: மூன்று பேர் சொன்னதும் சரிதான். கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டிய இடம் வெறும் /யூஎஸ்ஆர். நல்லவேளையாக அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

/யூஎஸ்ஆர் பேக்கேஜ் மேனேஜரின் வீடு. எந்தக் கோப்பு எந்த பேக்கேஜுக்குச் சொந்தம் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. கம்பைல் ஆனதை உரிய இடத்தில் வைக்கும் 'மேக் இன்ஸ்டால்' கட்டளை கொடுத்து நீங்கள் போடுவது எதுவும் அந்தக் கணக்கில் ஏறாது. அங்கிருக்கும் கோப்பின் மேல் உங்களுடையதை எழுதினால் யாரும் தடுக்க மாட்டார்கள். அடுத்த அப்டேட்டில் உங்கள் கோப்பின் மேல் அது எழுதும்போதும் யாரும் தடுக்க மாட்டார்கள். பல வருடங்களுக்கு முன் பைத்தானின் புதிய பதிப்பை நான் இப்படித்தான் /யூஎஸ்ஆர் மேலேயே போட்டேன். அந்த லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜரே பைத்தானில் எழுதப்பட்டது என்பது அது ஓட மறுத்த பிறகுதான் உறைத்தது. பழைய பைத்தானைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றால் அதற்கும் பேக்கேஜ் மேனேஜர்தான் வேண்டும். அன்று இரவு தூங்கவில்லை.

கோப்புகளை எங்கே வைப்பது என்பதற்கு லினக்ஸ் உலகில் ஒரு பொது விதித்தொகுப்பு இருக்கிறது: ஃபைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்டு. அதன் 3.0 பதிப்பு 2015-இல் வந்தது. கணினியை நிர்வகிப்பவர் தன் கையால் இன்ஸ்டால் செய்வதற்கு /யூஎஸ்ஆர்/லோக்கல். சிஸ்டம் அப்டேட் அதைத் தொடக்கூடாது. தனித்தனி டைரக்டரியில் முழுசாக உட்காரும் கூடுதல் மென்பொருளுக்கு /ஆப்ட். கம்பைல் செய்யத் தயார்படுத்தும் கருவிகளான கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், சிமேக், மெசான் மூன்றும் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் /யூஎஸ்ஆர்/லோக்கலையே எடுத்துக்கொள்கின்றன.

இவற்றில் எதைத் தேர்வது? எப்படி நீக்குவேன் என்று இன்ஸ்டால் செய்வதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். /யூஎஸ்ஆர்/லோக்கலில் நேரடியாகப் போட்டால் புரோகிராம் 'பின்' டைரக்டரிக்கும், லைப்ரரி 'லிப்'புக்கும், ஹெடர் கோப்புகள் 'இன்க்ளூட்'டுக்கும், மற்றவை 'ஷேர்'க்கும் சிதறிப் போகும். ஒரு புரோகிராம் என்றால் பரவாயில்லை. பத்து சேர்ந்தபின் எது எதனுடையது என்று உங்களுக்கே தெரியாது. நானாக இருந்தால் இந்த வீடியோ கருவியை /ஆப்ட்டுக்குள் பெயரும் பதிப்பு எண்ணும் சேர்ந்த ஒரு டைரக்டரியில் போடுவேன். வேண்டாம் என்றால் அந்த ஒரு டைரக்டரியை அழித்தால் போதும். புதிய பதிப்பு வந்தால் பக்கத்திலேயே இன்னொரு டைரக்டரி. சரிப்படவில்லை என்றால் பழையதுக்குத் திரும்பலாம். ஒரே சிரமம், அது பாத் வேரியபிளில் (கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்ற பட்டியலில்) இருக்காது. ஓடக்கூடிய கோப்புக்கு மட்டும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் உள்ளே ஒரு சிம்லிங்க் (அசல் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட்டுவிடுங்கள். இப்படி நிறைய சேர ஆரம்பித்தால் அந்த சிம்லிங்க் வேலையை க்னூ ஸ்டோ என்ற சிறிய கருவியிடம் விட்டுவிடலாம். போடுவதும் எடுப்பதும் ஒரே கட்டளையில் முடியும்.

ரூட் அனுமதி (முழு நிர்வாகி உரிமை) இல்லாத கணினி என்றாலோ, உங்களைத் தவிர யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்றாலோ ஹோம் டைரக்டரியில் உள்ள '.லோக்கல்' நல்ல இடம். ரூட்டாக ஓட்ட உதவும் சூடோ கட்டளையே தேவைப்படாது என்பது பெரிய நிம்மதி; முன்பின் தெரியாத ஒரு ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்ட வேண்டியதில்லை.

இடத்தை முடிவு செய்த பிறகு அதை எப்போது சொல்வது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிரிஃபிக்ஸை, அதாவது எந்த டைரக்டரிக்குள் இன்ஸ்டால் ஆக வேண்டும் என்பதை, கம்பைல் செய்வதற்கு முன்பே, கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டும்போதே சொல்லிவிட வேண்டும். பிளக்இன் எங்கே, அமைப்புக் கோப்பு எங்கே என்ற முழுப் பாதைகளும் பெரும்பாலும் கம்பைல் ஆகும்போதே புரோகிராமுக்குள் எழுதப்பட்டுவிடும். பிறகு டைரக்டரியை வேறு இடத்துக்கு நகர்த்தினால் புரோகிராம் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். டெஸ்ட்டிர் என்று மேக்குக்குக் கொடுக்கிற வேரியபிளையும் பிரிஃபிக்ஸையும் சிலர் குழப்பிக்கொள்வார்கள். டெஸ்ட்டிர் கோப்புகளைத் தற்காலிகமாக வேறொரு இடத்தில் இறக்கிவைக்க மட்டுமே; உள்ளே எழுதப்பட்ட முகவரி பிரிஃபிக்ஸில் சொன்னதுதான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பிரிஃபிக்ஸுக்கு முழுப் பாதையைக் கொடுங்கள். சமக்குறிக்குப் பின்னால் அலைக்குறி போட்டு ஹோம் டைரக்டரியைக் குறித்தால் பாஷ் ஷெல் அதை விரித்துத் தராது. கான்ஃபிகர் முகம் சுளிக்கும். ஹோம் வேரியபிளைப் பயன்படுத்துங்கள். பாதையில் இடைவெளி உள்ள பெயரும் வேண்டாம்.

இப்போது போன வருடப் பிழைக்கு வருகிறேன். லைப்ரரி பெரும்பாலும் அங்கேயேதான் இருந்திருக்கும். எங்கே தேடுவது என்று, புரோகிராம் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் லோடருக்குத்தான் தெரிந்திருக்காது. வேறு எதுவும் சொல்லாவிட்டால், சிஸ்டத்தின் வழக்கமான லைப்ரரி டைரக்டரிகள் தவிர, /ஈடிசி டைரக்டரியில் உள்ள எல்டி.எஸ்ஓ.கான்ஃப் பட்டியலில் சொன்ன இடங்களை மட்டும்தான் அது பார்க்கும். அதையும் நேரடியாகப் பார்க்காது, தயாராக வைத்திருக்கும் ஒரு கேஷைத்தான் பார்க்கும். டெபியன், உபுண்டுவில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே உண்டு. ஆனால் ரூட்டாக ஒரு முறை 'எல்டிகான்ஃபிக்' ஓட்டினால்தான் புதிய லைப்ரரி கேஷில் ஏறும். உங்கள் பிழை அந்த ஒரு கட்டளையிலேயே தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபெடோரா குடும்பத்தில் அந்த டைரக்டரியைப் பட்டியலில் நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும். அங்கே 'லிப்'புக்குப் பதில் 'லிப்64' என்ற டைரக்டரிக்குள் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

/ஆப்ட்டிலோ ஹோமிலோ வைத்தால் இதைவிடச் சுத்தமான வழி ஆர்பாத். லைப்ரரி இருக்கும் இடத்தை லிங்க் செய்யும்போதே புரோகிராமுக்குள் எழுதிவிடுவது அது. கான்ஃபிகர் ஓட்டும்போது எல்டிஃபிளாக்ஸ் வேரியபிளில் கொடுக்கலாம். வேறு புரோகிராம் எதையும் அது பாதிக்காது. இணையத்தில் எல்லோரும் உடனே சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற வேரியபிள் சோதித்துப் பார்க்க மட்டும் சரி. பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் அதை நிரந்தரமாக எழுதினால் நீங்கள் ஓட்டும் எல்லாப் புரோகிராமும் உங்கள் லைப்ரரியை முதலில் எடுக்கும். சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று ஒருநாள் நின்றுபோகும். காரணம் தேடி நீங்கள் அலைவீர்கள்.

இன்ஸ்டால் ஆனபின் பழைய பதிப்பே ஓடுகிறதா? பாஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கும். புதிய டெர்மினலைத் திறந்தால் போதும். சூடோவோடு ஓட்டும்போது மட்டும் கிடைக்கவில்லை என்றால், சூடோ தனக்கென்று தனிப் பாதைப் பட்டியல் வைத்திருக்கும். சில லினக்ஸ்களில் அதில் /யூஎஸ்ஆர்/லோக்கல் கிடையாது. அமைப்புக் கோப்பை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், நீங்கள் /ஈடிசியில் உள்ளதை மாற்றிக்கொண்டிருக்கலாம். உங்கள் புரோகிராம் தன் பிரிஃபிக்ஸுக்குள் இருக்கும் 'ஈடிசி'யைப் படித்துக்கொண்டிருக்கும்.

போன வருடம் விட்டுவைத்ததை நீக்கவும் வழி இருக்கிறது. சோர்ஸ் டைரக்டரி இன்னும் இருந்தால் முதலில் 'மேக் அன்இன்ஸ்டால்' கொடுத்துப் பாருங்கள். சிமேக்கில் கட்டியது என்றால் பில்டு டைரக்டரியில் இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட் என்ற உரைக் கோப்பு இருக்கும். இன்ஸ்டால் ஆன ஒவ்வொரு கோப்பின் பாதையும் அதில் வரிசையாக உண்டு. இரண்டும் இல்லையா? அதே பதிப்பின் சோர்ஸை இறக்கி, அதே பிரிஃபிக்ஸோடு கம்பைல் செய்து, டெஸ்ட்டிர் கொடுத்து ஒரு காலி டைரக்டரிக்குள் இன்ஸ்டால் செய்யுங்கள். அதற்குள் விழுந்த கோப்புகளின் பட்டியல்தான் நீங்கள் /யூஎஸ்ஆர்/லோக்கலிலிருந்து அழிக்க வேண்டிய பட்டியல். கோப்புகளை மட்டும் அழியுங்கள். 'பின்', 'லிப்' போன்ற டைரக்டரிகளில் வேறு புரோகிராம்களும் இருக்கலாம், அவற்றைத் தொட வேண்டாம். முடிந்ததும் மறுபடியும் ஒரு முறை எல்டிகான்ஃபிக் ஓட்டிவிடுங்கள்.