காலடியில் இருக்கும் எடை: ஈர்ப்பு மாறுபாடு பற்றிக் கேட்டவர்களுக்கு

ஈர்ப்பு அளவீட்டுக் கருவியோடு பல வருடம் களத்தில் அலைந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

செல்வி: புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்றுதானே பள்ளியில் படித்தோம்? அது எப்படி சார் மாறும்?

9.8 என்பது தோராயமான மதிப்பு. நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. பூமி சுழல்வதாலும் இடுப்புப் பகுதியில் பருத்திருப்பதாலும் வரும் வித்தியாசம் இது. 1672ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசில் சரிபார்த்த ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள அந்த இடத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது.

இது முன்கூட்டியே கணக்கிடக்கூடிய மாற்றம். இப்படித் தெரிந்த காரணங்கள் அனைத்தையும் கழித்த பிறகும் எஞ்சி நிற்பதைத்தான் ஈர்ப்பு மாறுபாடு என்கிறோம். அதை மில்லிகால் என்ற அலகில் சொல்வோம். ஒரு மில்லிகால் என்பது மொத்த ஈர்ப்பில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மாறுபாடு 100 மில்லிகால் கூடுதலாக இருக்கும் இடத்தில் 60 கிலோ ஆள் ஒருவர் நின்றால் அவர் எடை 6 கிராம்தான் கூடும்.

இளங்கோ: அவ்வளவு சின்ன அளவைக் களத்தில் எப்படிப் பிடிக்கிறீர்கள்? எதையெதைக் கழிக்கிறீர்கள்?

கருவிக்குள் ஒரு சிறு எடை ஸ்பிரிங்கில் தொங்குகிறது. இழுப்பு கூடினால் ஸ்பிரிங் நூலிழை நீளும். தரையில் தட்டை வைத்து, கருவியை அதன் மேல் ஏற்றி, நீர்மட்டக் குமிழிகள் நடுவுக்கு வரும்வரை திருகுகளைத் திருப்புவோம். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். பக்கத்தில் ஒரு லாரி போனாலே அளவு ஆடும். ஒரே இடத்தில் மூன்று முறை படிப்போம். ஸ்பிரிங் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளம்பிய புள்ளிக்கே திரும்பி வந்து அளக்க வேண்டும். சந்திரனும் சூரியனும் இழுப்பதையும் கழிக்க வேண்டும்.

அடுத்தது உயரம். ஒரு மீட்டர் மேலே போனால் ஈர்ப்பு 0.3086 மில்லிகால் குறைகிறது. அந்த ஒரு மீட்டரில் பாறை இருந்தால் அது 0.11 மில்லிகால் அளவுக்குக் கூடுதலாக இழுக்கிறது. பக்கத்தில் மலை இருந்தால் அது கருவியை மேல்நோக்கி இழுத்து அளவைக் குறைக்கும். பள்ளம் இருந்தாலும் குறையும், ஏனென்றால் அங்கே இருந்திருக்க வேண்டிய பாறை இல்லை. அதனால் நிலத்தோற்றத் திருத்தத்தை எப்போதும் கூட்டித்தான் எழுதுவோம்.

ஒருமுறை வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளியில் 0.6 மில்லிகால் குறைவு தெரிந்தது. கீழே குகை இருக்கும் என்று குழு முழுக்கப் பரபரப்பானது. மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தப் புள்ளியின் உயரத்தை 3 மீட்டர் குறைத்து எழுதியிருந்தோம். அன்றிலிருந்து உயரத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்காமல் நான் புள்ளியை விட்டு நகர்வதில்லை.

மதன்: இமயமலை மாதிரிப் பெரிய மலையில் ஈர்ப்பு ரொம்ப அதிகமாகத்தானே இருக்கணும்?

இந்தக் கேள்விதான் இந்தத் துறையையே வளர்த்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்திய நில அளவையில் கலியாணா, கலியாண்பூர் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை நிலத்தில் அளந்தார்கள், நட்சத்திரங்களை வைத்தும் கணக்கிட்டார்கள். கோணக் கணக்கில் இரண்டுக்கும் 5 விகலைக்குச் சற்று மேல் வித்தியாசம் வந்தது (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600ல் ஒரு பங்கு). நட்சத்திரக் கணக்குக்குச் செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டை இமயமலை பக்கவாட்டில் இழுத்திருக்கும் என்று பிராட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் கணக்குப் போட்டார். அவர் கணக்குப்படி கிட்டத்தட்ட 16 விகலை வந்திருக்க வேண்டும். மலை, தன் பருமனுக்கு ஏற்றபடி இழுக்கவில்லை.

1855ல் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளில் உயரமாக வெளியே தெரியும் கட்டை ஆழமாகவும் மூழ்கியிருக்கும். அதுபோல மலைக்கு அடியில் லேசான பாறையாலான வேர், மேலோட்டுக்குக் கீழே உள்ள கனமான மூடகத்துக்குள் இறங்கியிருக்கிறது. திபெத்துக்கு அடியில் மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிமன், வழக்கமான கண்டப் பகுதியைப் போல இரண்டு மடங்கு. மேலே தெரியும் பாறையின் இழுப்பைக் கழித்துவிட்டால் அங்கே மாறுபாடு சுமார் மைனஸ் 500 மில்லிகால். அந்த வேரைத்தான் அந்த எண் காட்டுகிறது.

ரம்யா: இதை வைத்துத் தங்கம், எண்ணெய் கண்டுபிடிக்கலாமா?

தங்கம் முடியாது. ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம் இருந்தால் பாறையின் அடர்த்தி மாறாது. இரும்புத் தாது, குரோமைட் போன்ற கனமான தாதுக்களின் பெரிய படிவுகள் தெரியும். எண்ணெயை நேரடியாகப் பார்க்க முடியாது, அது தங்கும் அமைப்பைப் பார்க்கலாம். நிலத்துக்கு அடியில் உப்பு மேலே பிதுங்கி நிற்கும் உப்புக் குவிமாடம் அப்படி ஒன்று. உப்பு எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் அதிகம் இறுகாது. சுற்றியுள்ள படிவுப் பாறை இறுகிக் கனமாகும். அதனால் உப்புக் குவிமாடம் இருக்கும் இடத்தில் ஈர்ப்பு குறையும். 1924ல் டெக்சாஸில் நாஷ் குவிமாடத்தை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

பாஸ்கர்: வீடு கட்டும் இடத்துக்கு அடியில் பொந்து இருந்தால் தெரியுமா ஐயா?

ஆழத்தைப் பொறுத்தது. 2 மீட்டர் ஆரமுள்ள வெற்றுக் குழி, அதன் மையம் 4 மீட்டர் ஆழத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாறையில் அங்கே இல்லாமல்போன நிறை சுமார் 89 டன். நேர் மேலே 0.037 மில்லிகால் குறையும். நல்ல கருவி 0.005 வரை பிரித்துச் சொல்லும் என்பதால் பிடித்துவிடலாம். அதே குழி 12 மீட்டர் ஆழத்தில் இருந்தால் 0.004தான். கிடைக்காது. குழியில் தண்ணீர் நிறைந்திருந்தால் விளைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

நஸ்ரின்: இந்தியப் பெருங்கடலில் "ஈர்ப்பு ஓட்டை" இருக்கிறதாமே, கப்பல் உள்ளே போய்விடாதா?

போகாது. இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம், பூமியின் சீரான நீள்வட்டக் கணக்கைவிட சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அங்கே இழுப்பு குறைவு, அதனால் நீர் மற்ற பக்கங்களுக்கு விலகி நிற்கிறது. ஆனால் நீர்மட்டக் குமிழி அங்கேயும் நடுவில்தான் நிற்கும். கப்பலுக்குச் சரிவே தெரியாது. 2023ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் இதற்குக் காரணமாக மூடகத்தில் மேலெழும் சூடான, லேசான பொருளைச் சுட்டினார்கள்.

கதிர்: நிலத்தடி நீரைச் செயற்கைக்கோள் எடை போடுவது உண்மையா?

உண்மை. 2002ல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. முன்னது கனமான பகுதியை நெருங்கும்போது சற்று முந்தும், இடைவெளி மாறும். அந்த மாற்றத்தை ஒரு முடியின் தடிமனைவிடக் குறைவான அளவுக்கு அளந்தார்கள். வட இந்தியாவில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததை இதை வைத்துத்தான் சொன்னார்கள். கிணறு கிணறாக அளந்து இந்த மொத்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறை மக்களுக்குச் செய்த ஆகப் பெரிய உதவி இது.

அருண்: ஈர்ப்பு அளவுகளை வரைந்து கிடைக்கும் ஒரு வளைகோட்டை வைத்துக் கீழே இருப்பதை உறுதியாகச் சொல்லிவிடலாமா?

நிறையைச் சொல்லலாம். கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள மொத்த நிறையை, அதன் வடிவமே தெரியாமல், மேலே அளந்த எண்களிலிருந்து கணக்கிட முடியும். வடிவத்தைச் சொல்ல முடியாது. ஆழத்தில் இருக்கும் ஒரு உருண்டையும் மேலாகப் பரந்து கிடக்கும் ஒரு மெல்லிய படலமும் அதே வளைகோட்டைத் தரலாம். வளைகோட்டின் அகலத்தை வைத்து, இதைவிட ஆழத்தில் அது இருக்க முடியாது என்ற ஒரு எல்லையை மட்டும் உறுதியாக வைக்கலாம். அதனால் பாறை மாதிரியின் அடர்த்தி, நில அதிர்வு அளவீடு, பக்கத்து ஆழ்துளையின் விவரம் இவற்றில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். ஈர்ப்பு வரைபடத்தை மட்டும் நீட்டி, துளை போடும் இடத்தைக் குறித்துக் கொடுங்கள் என்றால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.