வாசகர் கேள்வி பதில்: சிலையின் மூக்கு மட்டும் ஏன் மின்னுகிறது?

கேள்வி: பிரிட்டன் ஊர்களில் உள்ளூர்ப் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் வெண்கலச் சிலைகளில் மூக்கும் கையும் மட்டும் பொன்னாக மின்னுகின்றன, மற்ற இடமெல்லாம் பழுப்பு, பச்சை. ஏன்?

பதில்: வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. வார்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்ததும் அது பளபளக்கும். பட்டறையில் சூடாக்கி, ரசாயனக் கரைசல் பூசித்தான் பழுப்பு நிறம் ஏற்றுகிறார்கள், அதன்மேல் மெழுகு. இந்தப் படலம் மிக மெல்லியது. தொட்டுத் தொட்டுத் தேய்ந்தால் அசல் உலோகம் தெரியும். எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் பாபி (மனிதரல்ல, நாய்தான், ஆனாலும் ஊர்ப் பிரமுகர்!) மூக்கு அப்படித் தேய்ந்ததே. ராசி என்று தடவுகிறார்களாம். வீண் வேலை.

கேள்வி: கடற்கரை ஊர்ச் சிலைகளை எப்படிப் பராமரிப்பது?

பதில்: மோர்கேமில் நகைச்சுவை நடிகர் எரிக் மோர்கேம் (1999), லைம் ரீஜிஸில் புதைபடிவம் தேடிய மேரி ஆனிங் (2022) என இரு சிலைகளும் உப்புக்காற்றில்தான் நிற்கின்றன. உப்பிலுள்ள குளோரைடு செம்பை அரித்து, வெளிர்பச்சைப் பொடியாக உதிர்க்கும். ஆண்டுக்கொருமுறை மென்மையான தூரிகை, காரமில்லாத சோப்பு, நல்ல தண்ணீர் கொண்டு கழுவி, முழுக்க உலரவிட்டு, மெழுகை மெல்லிசாகப் பூசித் துணியால் தேய்க்க வேண்டும். தடிமனாகப் பூசினால் மடிப்புகளில் வெள்ளையாகத் திரண்டு தூசி பிடிக்கும். கம்பித் தூரிகையைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது, நிறத்தையே சுரண்டிவிடும். பறவை எச்சத்தை உடனே கழுவுங்கள், அதன் அமிலம் கறை போடும். உள்சட்டம் சாதா இரும்பென்றால் துரு வழிந்து பீடத்தையும் கெடுக்கும். துருப்பிடிக்காத எஃகே சரி.