குடல் சீழுக்கு ஒரு சீனக் கஷாயம்

கேள்வி: குடல்வால் வீக்கத்துக்குச் சீனாவில் கத்தி வைக்காமல் கஷாயம் கொடுப்பார்களாமே, நிஜமா?
(வாசகி, தேனி)

பதில்: நிஜம்தான். ‘தா ஹுவாங் மு தான் தாங்’ என்று பெயர். கிழக்கு ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்தில், சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த சீன வைத்தியர் சாங் சோங்ஜிங்கின் மருத்துவ நூலில் குடல் சீழ்க்கட்டிக்கு (இன்று நாம் குடல்வால் வீக்கம் என்பதும் இதில் அடக்கம்) உரிய மருந்தாக வருகிறது. சரக்கு ஐந்தே ஐந்து: ரேவல்சின்னிக் கிழங்கு, பியோனி என்ற பூச்செடியின் வேர்ப்பட்டை, பீச் கொட்டைப் பருப்பு, நம்ம வெண்பூசணி விதை, அப்புறம் சோடியம் சல்பேட் உப்பு. ஆறு பங்கு தண்ணீரை ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி வடித்து, கடைசியில் உப்பைப் போட்டு ஒரு கொதி. முழுவதையும் ஒரே தடவையில் குடிக்க வேண்டும். வயிறு நன்றாகக் கழியும், நோக்கமே அதுதான்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. நாடி மெதுவாக, இறுக்கமாக இருந்தால் சீழ் பிடிக்கவில்லை, பேதிக்குக் கொடுக்கலாம். பொங்கி வேகமாக ஓடினால் சீழ் பிடித்துவிட்டது, கொடுக்காதே என்கிறது நூல். கொஞ்சம் தள்ளி, குடித்தால் சீழ் இறங்கிவிடும் என்றும் சொல்கிறது! உரைகாரர்கள் இதை வைத்து நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

இப்போது அங்கேயும் ஸ்கேன் பார்த்து, பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துத்தான் தருகிறார்கள். குடல்வால் வெடித்துவிட்டால் கஷாயத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. கர்ப்பிணிகளுக்கு இது ஆகவே ஆகாது. வலது அடிவயிறு வலித்தால் நாட்டு மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.